ஷீர் லிப் கிளாஸைச் சோதித்துப் பார்ப்பது எப்படி: கடை வாசலிலிருந்து முழு நாள் வரை

குப்பியில் பார்த்த நிறம் உதட்டில் வரவில்லை. முடி ஒட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் இருந்த இடம் தெரியவில்லை. ஷீர் லிப் கிளாஸ் வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பல நேரம் கிளாஸில் குறையே இருக்காது. சோதித்த வரிசைதான் தவறியிருக்கும்.

ஷீர் என்றால் நிறமி குறைவு, அடியில் இருக்கும் உதட்டு நிறம் ஊடே தெரியும் என்று பொருள். அதனால் லிப்ஸ்டிக் வாங்குவது போல இதை வாங்க முடியாது. லிப்ஸ்டிக் உதட்டை மூடிவிடும், கிளாஸோ உங்கள் உதட்டோடு கலந்துதான் நிறம் காட்டும். ஆகவே முதலில் கடையில் லேபிளும் நிறமும், அடுத்து வீட்டில் தோல், பிறகு உதடு, கடைசியில் ஒரு முழு நாள் என்று போக வேண்டும். எல்லாம் முடியப் பத்து நாளுக்குமேல் ஆகும். தினமும் வாய்க்குள் கொஞ்சமாவது போகிற பொருளுக்கு இந்த அவகாசம் அதிகமில்லை.

1. கையில் இருக்க வேண்டியவை

வாசனையில்லாத லிப் பாம் ஒன்று. காது குடையும் பஞ்சுக்குச்சி இருபது. டிஷ்யூ, மெல்லிய பருத்தித் துணி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கையகலக் கண்ணாடி ஒன்று, ஜன்னலோரம் எடுத்துப் போவதற்கு. சுவரில் மாட்டிய குளியலறைக் கண்ணாடி உதவாது, அங்கே இருக்கும் விளக்கின் நிறம்தான் முகத்தில் விழும்.

சோதிக்கும் வாரத்தில் புதிய டூத்பேஸ்ட், புதிய ஃபேஸ்வாஷ் எதையும் தொடங்காதீர்கள். உதடு எரிந்தால் எதனால் எரிந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். புதினா, பட்டை வாசனை தூக்கலாக உள்ள டூத்பேஸ்ட்டே உதட்டோரத்தில் எரிச்சல் தரக்கூடியது.

உதடு வெடித்திருந்தால், வாய்க்கோடியில் புண் இருந்தால், அக்கி போலக் கொப்புளம் வந்திருந்தால் ஆறும் வரை தள்ளிப் போடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உதடு வறண்டு உரிவது மிகச் சாதாரணம். அந்த நாட்களில் எந்தக் கிளாஸைப் போட்டாலும் மோசமாகத்தான் தெரியும்.

2. கடையில் முதலில் லேபிளைப் படியுங்கள்

நிறத்தைப் பார்த்துவிட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். அதனால் லேபிள்தான் முதல் வேலை.

தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பேட்ச் எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உற்பத்தி உரிம எண், இறக்குமதிச் சரக்கானால் பதிவுச் சான்றிதழ் எண், இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை இல்லாத குப்பி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூடி திறந்த டப்பா போன்ற சிறு படத்துக்குள் 6 எம், 12 எம் என்று போட்டிருப்பது, திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி.

அடுத்து பொருட்பட்டியல். சிறு குப்பியில் இடமில்லாவிட்டால் அட்டைப்பெட்டியிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ இருக்கும். அதிக அளவில் சேர்ந்த பொருள் முதலில் வரும். பாலிபியூட்டீன் முதலிடத்தில் இருந்தால் கிளாஸ் கெட்டியாக, நன்றாகப் பளபளத்து, கொஞ்சம் ஒட்டும். அதிக நேரமும் நிற்கும். விளக்கெண்ணெய், ஆக்டைல்டோடெகனால், மினரல் ஆயில் போன்றவை முன்னால் இருந்தால் வழவழப்பாக இருக்கும், ஒட்டாது, சீக்கிரம் போய்விடும். ஒட்டவும் கூடாது, நாலு மணி நேரம் நிற்கவும் வேண்டும் என்றால் ஷீர் கிளாஸில் நடக்காது. இதில் எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கடையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மென்தால், மிளகாய்ச் சாறு, பட்டை எண்ணெய் இருந்தால் அது உதட்டை உப்பிக் காட்டும் வகை. அந்தச் சுரீர் உணர்வு எரிச்சல்தானே தவிர வேறில்லை. தினசரிக்கும் முதல் முறைக்கும் அது வேண்டாம். லானோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. லானோலின், புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின், வாசனைச் சேர்மங்கள், ஏன், விளக்கெண்ணெய்கூட சிலருக்கு ஒவ்வாமை தரும். முன்பு எதிலாவது அவதிப்பட்டிருந்தால் அந்தப் பெயரை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

நிறமிகள் சிஐ என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்களாகக் கடைசியில் இருக்கும். மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 77891 டைட்டானியம் டையாக்ஸைடு, அதாவது வெள்ளை. 45410 உதட்டில் பட்டபின் நிறம் மாறிப் பிங்க் ஆகும் சாயம். 75470 கார்மைன், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. சைவம் பார்ப்பவர்கள் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஆனால் இந்த எண்களுக்கு முன்னால் ‘இருக்கலாம்’ என்ற பொருளில் கூட்டல் கழித்தல் குறி இருந்தால், அது அந்த வரிசையின் எல்லா ஷேடுகளுக்கும் பொதுவான பட்டியல். நீங்கள் எடுத்த ஷேடில் அது இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

3. நிறத்தை விரல் நுனியில் பாருங்கள்

கடையில் எல்லோரும் போட்டுப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் குப்பியை உதட்டில் வைக்கவே வைக்காதீர்கள். எத்தனை பேர் உதட்டில் பட்ட குச்சியோ தெரியாது. விற்பவர் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தாலும் துடைபடுவது குச்சியின் மேற்புறம்தான். அது மறுபடி அதே குப்பிக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. அக்கி வைரஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எச்சில் வழியாகவும் தொற்றும்.

எல்லோரும் செய்வது புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பது. பளபளப்பைப் பார்க்க அது போதும், நிறத்தைப் பார்க்கப் போதாது. புறங்கைத் தோல் உதட்டின் நிறத்தில் இல்லை. விரல் நுனியின் உட்பக்கச் சதையில் ரத்தச் சிவப்பு கொஞ்சம் தெரியும், உதட்டுக்கு அதுதான் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். பஞ்சுக்குச்சியில் எடுத்து மோதிர விரல் நுனியில் மெல்லியதாகத் தடவி, அந்த விரலை உதட்டருகே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள்.

பார்க்கும் இடம் கடை வாசல். உள்ளே இருக்கும் எல்இடி வெளிச்சம் பிங்க்கை நீலமாகவோ ஆரஞ்சாகவோ காட்டும். வெயில் நேராக முகத்தில் விழாத நிழலில், பகலில் பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் ஷேடு தேர்வு செய்யப் போகாமலிருப்பது நல்லது.

நம்மில் பலருக்கு மேலுதடு கீழுதட்டைவிடக் கருத்திருக்கும். சிலருக்கு உதட்டோரம் முழுக்கப் பழுப்பு, நடுவில் மட்டும் ரோஸ். ஷீர் கிளாஸ் இந்த வேறுபாட்டை மறைக்காது. பால் கலந்த மாதிரி வெளிர் பிங்க்கைத் தேர்ந்தெடுத்தால், அதிலிருக்கும் வெள்ளை நிறமி கருத்த உதட்டின்மேல் சாம்பல் பூத்தாற்போல நிற்கும். முத்துப் பளபளப்புக்காக மைக்கா அதிகம் சேர்த்தவையும் அப்படியே. முதல் கிளாஸுக்குப் பழுப்பு ரோஸ், நாவல்பழ நிறம், செங்கல் சிவப்பு, கேரமல் இவற்றில் ஒன்றை எடுங்கள், வெள்ளை கலக்காததாக. குப்பியில் இவை ஐயோ இவ்வளவு இருட்டா என்று பயமுறுத்தும். உதட்டில் போட்டால் பாதிகூடத் தெரியாது. குப்பியில் தெரிவது ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கிளாஸ், உதட்டில் இருக்கப் போவதோ முடியிழைத் தடிமன்.

விரலில் தடவியபின் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். 45410 போன்ற சாயம் இருந்தால் நிறமே இல்லாமல் இருந்தது பளிச்சென்ற பிங்க் ஆகியிருக்கும். அதே நேரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் காற்றில் பறக்கும் முடியெல்லாம் உதட்டில்தான் வந்து நிற்கும்.

பிடித்தால் இருப்பதிலேயே சிறிய அளவை வாங்குங்கள். 2 மில்லி, 3 மில்லிக் குப்பி கிடைத்தால் சோதனைக்கு அது தாராளம்.

4. முழங்கை மடிப்பில் ஏழு நாள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். தொடுவதால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். திரும்பத் திரும்பப் பட்டபின் வருவதும் உண்டு.

புதுப் பஞ்சுக்குச்சியைக் குப்பியின் குச்சியில் ஒற்றி எடுத்து, முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு தடவுங்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, தினமும் அதே இடத்தில். பத்து நிமிடமாவது கழுவாமல் விடுங்கள். சிவப்பு, அரிப்பு, சிறு தடிப்பு எது வந்தாலும் நிறுத்திக் கழுவிவிடுங்கள். அந்தக் கிளாஸ் உங்களுக்கு ஆகாது.

குப்பியின் குச்சியை நேராகக் கையில் தேய்த்துவிட்டு மறுபடி உள்ளே விடாதீர்கள். கையில் இருக்கும் வியர்வையும் அழுக்கும் குப்பிக்குள் போய்விடும்.

எட்டாம் நாள் கீழுதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். உதட்டுத் தோல் கைத்தோலைவிட மெல்லியது. கை தாங்கியதை உதடு தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

5. உதட்டைத் தயார் செய்தல்

வேலை முந்தின இரவே தொடங்குகிறது. லிப் பாம் தாராளமாகப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். காலையில் ஈரத் துணியால் மெதுவாக வட்டமாக ஒற்றித் துடைத்தால் தளர்ந்த தோல் தானே வந்துவிடும். சர்க்கரை ஸ்கிரப் போட்டு அழுத்தித் தேய்த்து அதே கையோடு கிளாஸ் போடுபவர்கள் உண்டு. தேய்த்த இடம் எரியும், பழி கிளாஸின்மேல் விழும். ஸ்கிரப் வேண்டுமென்றால் வாரம் ஒரு முறை, அதுவும் இரவில். உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுக்கவே கூடாது.

கிளாஸுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு லிப் பாம் மெல்லியதாக. பகலில் வெளியே போகிறவர்கள் எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாமாகப் போடுங்கள், பெரும்பாலான கிளாஸில் வெயில் பாதுகாப்பு கிடையாது. பதினைந்து நிமிடம் ஆனதும் டிஷ்யூவை உதட்டுக்கிடையில் வைத்து ஒரே ஒரு முறை ஒற்றி எடுங்கள். இதைத் தவறவிட்டால் மீந்த பாம் கிளாஸைக் கரைத்து வழுக்கவிடும், அரை மணியில் எல்லாம் உதட்டோரத்துக்கு வந்துவிடும்.

6. முதல் நாள் பாதி உதட்டில்

ஷீர் நிறத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. உதட்டின் இடப்பாதியில் மட்டும், மேலும் கீழும் தடவி, வலப்பாதியை வெறுமனே விடுங்கள். ஜன்னலோரம் போய்க் கண்ணாடியில் பாருங்கள். இரு பாதிக்கும் வேறுபாடே தெரியாவிட்டால் வெறும் பளபளப்புக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அது போதுமென்றால் சரி. தடவிய பக்கம் முகம் களைத்துத் தெரிந்தால் ஷேடு தப்பு.

பல் தெரியச் சிரித்தும் பாருங்கள். ஆரஞ்சும் பொன்னிறமும் தூக்கலான ஷேடு பல்லின் மஞ்சளைக் கூட்டிக் காட்டும், கொஞ்சம் நீலம் கலந்த பிங்க்கும் நாவல் நிறமும் குறைத்துக் காட்டும்.

போட்டோ எடுப்பதானால் பின்பக்கக் கேமராவில், ஃபிளாஷ் இல்லாமல், பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுங்கள். செல்ஃபி கேமரா பல போன்களில் தானாகவே தோலை வழவழப்பாக்கிக் காட்டும்.

7. தடவும் முறை

குச்சியைக் குப்பிக்குள் மேலும் கீழும் குத்தாதீர்கள். காற்று உள்ளே போய்க் குமிழி வரும், அந்தக் குமிழி உதட்டிலும் தெரியும். ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள். வாய்ப்பக்கம் இருக்கும் வளையத்தில் குச்சியின் ஒரு பக்கத்தை மட்டும் வழியுங்கள். மறுபக்கத்தில் மீந்திருப்பது இரண்டு உதட்டுக்கும் போதும்.

கீழுதட்டின் நடுவில் வைத்துத் தொடங்கி இரு பக்கமும் வெளியே இழுங்கள். கடைக்கோடிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள், உதட்டோரக் கோட்டையும் தொடாதீர்கள். கிளாஸ் நம் உடல் சூட்டில் இளகித் தானாகப் பரவும். ஓரம் வரை இழுத்தால் பரவுவதற்கு இருக்கும் இடம் தோல்தான். மேலுதட்டுக்குத் தனியாகத் தடவ வேண்டியதில்லை. இரண்டு உதட்டையும் சேர்த்து ஒரு முறை அழுத்திப் பிரியுங்கள், கீழே இருப்பதில் கொஞ்சம் மேலே வந்துவிடும். மேலுதட்டின் நடுவில் மட்டும் குச்சியின் நுனியால் ஒரு தொடு.

நிறம் போதவில்லை என்று மூன்றாவது, நான்காவது பூச்சு போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஷீர் கிளாஸில் இரண்டாவது பூச்சுக்குமேல் நிறம் ஏறுவது மிகக் குறைவு, கனம்தான் ஏறும். கனம் ஏறினால் நகரும். நிறம் வேண்டுமென்றால் அடியில் உங்கள் உதட்டு நிறத்திலேயே லிப் லைனரை லேசாகத் தேய்த்துவிட்டு, மேலே ஒரே பூச்சு போடுங்கள்.

8. முதல் அரை மணி நேரம்

இந்த நேரத்தில் எதுவும் சாப்பிடாமல், உதட்டை நக்காமல் இருங்கள். வாசனையும் இனிப்பும் உள்ள கிளாஸ் நக்கத் தூண்டும், அதை உணர்ந்தால் அந்தக் கிளாஸ் தினசரிக்கு ஏற்றதல்ல. எச்சில் உலரும்போது உதட்டின் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும், மாலைக்குள் உதடு உரியும்.

பத்தாவது நிமிடத்தில் உதட்டைக் குவித்துப் பார்த்தால் கோடுகளுக்குள் நிறம் இறங்கித் திட்டாக நிற்கிறதா என்று தெரியும். முப்பதாவது நிமிடத்தில் உதட்டுக்கு உட்பக்கம் வெள்ளை விளிம்பு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேசப்பேச எச்சிலோடு கலந்து சேர்வது அது. பூச்சைக் குறைத்து, உள் ஈர விளிம்பைத் தொடாமல் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் வந்தால் அந்தக் கிளாஸின் பதமே அப்படி.

9. ஒரு முழு நாள்

வீட்டில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து செய்த சோதனை உங்கள் நாளைப் பற்றி எதுவும் சொல்லாது. வேலை நாளில் போட்டுப் பாருங்கள். மே மாதச் சென்னையில், பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றாலே கிளாஸ் நீர்த்து ஓரம் தாண்டும். அதே குப்பி ஏசி அலுவலகத்தில் கெட்டியாகி ஒட்டும். வண்டியில் போகிறவர்களுக்குத் தூசியும் முடியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஹெல்மெட் போட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் தடவுவதே நல்லது, வீட்டிலிருந்து தடவிக்கொண்டு கிளம்புவது வீண்.

காலை காபிக்குப் பின் டம்ளர் விளிம்பில் எவ்வளவு போயிற்று, உதட்டில் எவ்வளவு மீந்தது என்று பாருங்கள். டம்ளரைத் தூக்கிக் குடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தண்ணீரால் லிப் கிளாஸ் அதிகம் அசையாது, எண்ணெய்தான் கரைக்கும். நெய் ஊற்றிய பருப்புச் சாதம், பூரி, பஜ்ஜி எதைச் சாப்பிட்டாலும் போய்விடும். சாப்பிடும் முன் துடைத்துவிட்டு, சாப்பிட்டு வாய் கழுவியபின் புதிதாகப் போடுங்கள். பாதி கரைந்ததன்மேல் இன்னொரு பூச்சு போட்டால் குழம்பின் எண்ணெய் குச்சியில் ஏறிக் குப்பிக்குள் போகும், அங்கேயே கெடும்.

சாப்பாட்டை விட்டுக் கணக்குப் பார்த்தால் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் நின்றால் அது நல்ல ஷீர் கிளாஸ். ஒன்றரை மணிகூட நிற்காவிட்டால் தினசரிக்கு வேண்டாம்.

10. ஓரம் தாண்டினால், திட்டானால்

கிளாஸ் உதட்டோரத்தைத் தாண்டி மெல்லிய நரம்பு நரம்பாக ஓடினால், நிறமில்லாத லிப் லைனரால் கோட்டின் வெளிப்புறம் ஒரு வேலி போடுங்கள். அதிலிருக்கும் மெழுகு எண்ணெயைத் தடுக்கும்.

திட்டுத்திட்டாக நின்றால் பெரும்பாலும் உரிந்த தோல்தான் காரணம். ஐந்தாம் படிக்குத் திரும்பி, இரண்டு இரவு பாம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

உதட்டைச் சுற்றிக் கோட்டோரம் சிறு பருக்கள் வந்தால், கிளாஸ் இரவும் அங்கேயே தங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமாகத் துடைத்து ஒரு வாரம் பார்த்தும் குறையாவிட்டால் அதை நிறுத்திவிடுங்கள்.

உதடு வீங்கினால், வாய்க்கு உள்ளேயும் அரித்தால், உடனே துடைத்தெடுங்கள். மூச்சுத் திணறலோ நாக்கு வீக்கமோ சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

11. துடைத்தெடுப்பதும் மறுநாள் காலையும்

சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் கிளாஸ் முழுதாகப் போகாது, உதடுதான் வறளும். பஞ்சில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு உதட்டின்மேல் பத்து நொடி அப்படியே வைத்திருங்கள். பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே வழிப்பு. வெளிப்பக்கமாக இழுத்தால் நிறம் தோலில் ஏறும். அப்புறம் முகம் கழுவிக்கொள்ளலாம். நிறம் மாறும் சாயம் உள்ளவை லேசாகக் கறை விட்டுப் போகும், அதை எடுக்கிறேன் என்று தேய்க்க வேண்டாம், அடுத்த நாளுக்குள் தானே மங்கும்.

மறுநாள் எழுந்ததும், பல் துலக்கும் முன் உதட்டைத் தொட்டுப் பாருங்கள். முந்தின நாள் காலையைவிட உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் அந்தக் கிளாஸ் உங்கள் உதட்டுக்குச் சேரவில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். ஒரு நாள் குளிர்காற்று, ஒரு நாள் தண்ணீர் குறைவு என்று வேறு காரணமும் இருக்கலாம் என்பதால் மூன்று நாள் பார்த்து முடிவெடுங்கள்.

12. வைத்திருப்பது

திறந்த தேதியைக் குப்பியின் அடியில் சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ கார் டாஷ்போர்டிலோ வைத்தால் எண்ணெய் தனியே பிரியும். பிரிந்ததைக் குலுக்கிச் சேர்த்தாலும் பழைய பதத்துக்கு வராது. தங்கையே கேட்டாலும் குச்சியைப் பகிர வேண்டாம், பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுங்கள்.

வாரம் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் போலச் சிக்கு வாடை அடித்தால் எழுதிய தேதி மீதமிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். உதட்டில் அக்கி வந்த நாட்களில் பயன்படுத்திய குப்பியும், பாதிக்குமேல் மீந்திருந்தாலும், குப்பைக்குத்தான் போக வேண்டும்.